ஜன்னலண்டை கொண்டு வாருங்கள்



எங்கள் வீட்டில் பேரன் பிறந்த நான்காம் நாள் சாயங்காலம் ஜெபிக்க வந்தவர்கள், "பிள்ளை நல்ல நிறம் பாஸ்டர்" என்றார்கள். அறையில் மஞ்சள் வெளிச்சம் தருகிற எல்.ஈ.டி. பல்பு. நானும் சந்தோஷப்பட்டேன். மறுநாள் காலையில் வந்த நர்ஸ் அம்மா, "ஐயா, ஜன்னலண்டை கொண்டு வாங்க" என்றார்கள். மூக்கு நுனியை விரலால் மெல்ல அழுத்தி எடுத்தார்கள். அழுத்தின இடம் மஞ்சள்! நெஞ்சிலும் அப்படியே. "காமாலை மாதிரி இருக்கு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

இராமுழுவதும் அந்தப் பிள்ளையை மடியில் வைத்திருந்தேனே, என் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை?

பிரியமானவர்களே, வெளிச்சத்தில் எந்த நிறம் இருக்கிறதோ அதைத்தான் ஒரு பொருள் நமக்குத் திருப்பிக் காட்ட முடியும். காமாலை கண்ட தோல் நீல ஒளியை விழுங்குகிறது. அதனால்தான் மஞ்சளாய்த் தெரிகிறது. நீலமே குறைந்த விளக்கின்கீழ் விழுங்குவதற்கு என்ன இருக்கிறது? சுகமான பிள்ளையும் சுகமில்லாத பிள்ளையும் ஒன்றுபோல இருக்கும்!

விளக்குகள் நிறத்தை எவ்வளவு சரியாய்க் காட்டுகின்றன என்று நூற்றுக்கு மார்க் போடுகிறார்கள். பழைய சோடியம் வீதி விளக்குக்கு 25 போல; அதன்கீழ் சிவப்புச் சேலை பழுப்பாய்த் தெரியும். வீட்டு எல்.ஈ.டி. பலவற்றுக்கு 80. ஆனால் எட்டு வெளிர் நிறங்களின் சராசரிதான் அந்த மார்க்; அடர்ந்த சிவப்பு அதில் சேராது. பழைய குண்டு பல்பு ஏறக்குறைய நூறே வாங்கிவிடும், அதிலோ நீலம் மகா குறைவு! மஞ்சள் விளக்கை இன்னொரு மஞ்சள் வெளிச்சத்தோடுதான் ஒப்பிட்டு மார்க் போடுகிறார்கள். நூறு வாங்கின விளக்கும் என் பேரனைக் காட்டிக்கொடுத்திராது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து, நீல விளக்கின்கீழ் கிடத்தினார்கள். அங்கேயும் நிறம் தெரியவில்லை. "இப்போ எப்படி டாக்டர் இருக்கு?" என்று கேட்டேன். "கண்ணால சொல்ல முடியாதுங்க ஐயா, மறுபடி இரத்தம் பார்க்கணும்" என்றார். அளவு இறங்கியிருந்தது. ஸ்தோத்திரம்!

வீட்டுக்கு வந்த அன்றைக்கே என் துணைவியார் அந்த அறையின் ஜன்னல் திரையைக் கழற்றிவிட்டார்கள்.