வாரத்திற்கு 17 ஷில்லிங்

சிறிய ஊரில் பிறந்து, அளந்து கொடுக்கப்பட்ட பணத்தோடு பெரிய பட்டணம் ஒன்றிற்குப் படிக்கவோ பிழைக்கவோ செல்கிறவன், முதல் மாதம் முடிவதற்குள்ளாகவே ஒரு கேள்வியை எதிர்கொள்கிறான். அறை வாடகையும் வண்டிக் கூலியும் சாப்பாட்டுச் செலவும் கையிருப்பைக் கரைத்துக்கொண்டே போக, தேவைகளை ஒவ்வொன்றாக அவன் குறைத்துக்கொள்ள நேரும்போது, அந்தக் குறைப்பு ஓர் ஆத்ம சாதனமா, அல்லது நிர்ப்பந்தத்திற்குத் தலை வணங்குவது மாத்திரந்தானா என்பதே அந்தக் கேள்வி. போதுமென்ற மனத்தை நம் சாஸ்திரங்கள் போற்றுகின்றன. ஆயினும், இல்லாமையினால் அடங்கிக் கிடப்பவனுடைய அடக்கத்தைத் திருப்தி என்று அழைப்பது நியாயமாகுமா? திருவள்ளுவர் துறவை அறத்துப்பாலில் 35-ஆம் அதிகாரமாகவும், நல்குரவைப் பொருட்பாலில் 105-ஆம் அதிகாரமாகவும் வைத்து, முன்னதை வீட்டு நெறிக்கு வாயிலாகவும் பின்னதைப் பெருந்துன்பமாகவுமே காட்டினார். வெளிப்பார்வைக்கு இரண்டும் வெறுங்கைதான். ஆனாலும் அப்பெரியார் அவற்றை ஒன்றென்று மயங்கவில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பவனைப் பற்றித்தான் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அவன் துறவியும் அல்லன், தரித்திரனும் அல்லன். அத்தகைய ஒருவருடைய வாழ்க்கைக் கணக்கு, அவராலேயே ஒளிவு மறைவின்றி எழுதப்பட்டு, ‘சத்திய சோதனை’ என்னும் நூலில் நமக்குக் கிடைத்திருக்கிறது.

மோகன்தாஸ் காந்தி 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறியபோது அவருக்கு 19 வயது நிறையவில்லை. தகப்பனார் காலமாகிவிட்டார். பாரிஸ்டர் படிப்புக்கு நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகாது என்று குடும்பத்தின் நண்பர் ஒருவர் கணக்குச் சொல்லியிருந்தார். மனைவியின் நகைகளை விற்றால் இரண்டாயிரம் மூவாயிரம் தேறும் என்றுகூட அந்த இளைஞர் எண்ணிப் பார்த்ததுண்டு. முடிவில் மூத்த சகோதரர் எப்படியாவது பணம் திரட்டுவதாக ஏற்றுக்கொண்டார். இவ்விதம் வீட்டார் வருந்திச் சேர்த்த பணத்தோடு லண்டனில் இறங்கியவரை முதலில் வரவேற்றது விக்டோரியா ஹோட்டல். அங்கே வாய்க்குப் பிடித்து ஏதும் உண்ணாமலே அவர் செலுத்த நேர்ந்த தொகை 3 பவுன்!

பிறகு சுமார் மூன்று மாத காலம், ஆங்கிலக் கனவானாகத் தோன்ற வேண்டும் என்ற மோகம் அவரை ஆட்கொண்டது. 19 ஷில்லிங்குக்கு ஓர் உயரத் தொப்பி, பாண்ட் தெருவில் 10 பவுனுக்குத் தைத்த மாலை உடை, நடனம் கற்க 3 பவுன், பிடில் வாங்க 3 பவுன், சகோதரரிடம் கேட்டு வருவித்துக்கொண்ட இரட்டை வடத் தங்கக் கடிகாரச் சங்கிலி என்று இந்த மோகத்தின் விலையையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். இளமையின் இயல்பு அது. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

நம் சிந்தனைக்கு உரியது அதன் பின் நடந்தது. பஸ் கட்டணம், தபால் தலை, செய்தித்தாளுக்குக் கொடுத்த செப்புக்காசு உட்பட, செலவான ஒவ்வொரு பார்த்திங் காசையும் அவர் எழுதலானார். இரவு படுக்கைக்குப் போகுமுன் வரவையும் செலவையும் கூட்டிக் கழித்து மீதியைச் சரிபார்ப்பதை நித்திய அனுஷ்டானம் போலக் கைக்கொண்டார். கணக்கு கண்முன் நின்றதும், செலவைப் பாதியாகக் குறைத்தே தீர வேண்டும் என்ற தீர்மானம் பிறந்தது. ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்தால், வெளியே சாப்பிட்ட வேளைக்கும் சேர்த்தே வாரந்தோறும் பணம் கட்ட வேண்டும். மரியாதைக்காக அவ்வீட்டாரை விருந்துக்கு அழைத்துப் போக வேண்டும். அவர்களோடு வண்டியேற வேண்டும். ஆகவே தனியாக இரண்டு அறைகள் எடுத்தார். போக வேண்டிய இடத்திற்கு அரை மணி நேரத்தில் நடந்து சேரக்கூடியவையாகப் பார்த்து எடுத்ததனால் வண்டிக் கூலி மிஞ்சியது. நாளொன்றுக்கு எட்டு, பத்து மைல் நடந்ததனால் தேகமும் உறுதிப்பட்டது. பின்னர், வாரம் 2 ஷில்லிங் வாடகையில் சேரிப் பகுதியில் ஓர் அறை பிடித்து, வேளைக்கு 2 பென்ஸ் கோக்கோவும் ரொட்டியுமாகக் காலம் தள்ளிய ஏழை மாணவர் ஒருவரைப் பற்றித் தெரிந்தபோது, தமக்கு இரண்டு அறைகள் எதற்கு என்று தோன்றிற்று. ஒற்றை அறைக்கு மாறினார். ஓர் அடுப்பு வாங்கினார். காலையில் அதன்மேல் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவுக்கு வெந்நீரும், நடுப்பகல் உணவு வெளியே, இரவில் மறுபடியும் ரொட்டியும் கோக்கோவும். இவ்வளவும் நாளொன்றுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸுக்குள் அடங்கின. வாரச் செலவு முழுவதும் 17 ஷில்லிங்.

இதைத் தவம் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு; பின்னாளில் மகாத்மாவானவரின் மாணவப் பருவத்திலும் துறவின் முளையைக் காண ஆசைப்படுவது பக்தர்களுக்கு இயல்பே. ஆனால் அந்த இளைஞர் அப்போது எதையும் துறக்க எண்ணவில்லை. அவர் உள்ளத்தை உறுத்தியது வேறொன்று: செலவாகிற பணம் தம்முடையது அன்று, அண்ணனுடையது. இவர் கேட்கும்போதெல்லாம் அண்ணன் மறுக்காமல் அனுப்புவார். அனுப்புகிறவரின் சிரமத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டே போவது, பெயர் சொல்லாத ஒரு களவு. யோக நூல்கள் ஒழுக்க நியதிகளாகிய யமங்களை எண்ணும்போது, கள்ளாமையாகிய அஸ்தேயத்தை முன்னும், பொருள் பற்றாமையாகிய அபரிக்கிரகத்தைப் பின்னும் வைப்பதை நான் பொருளுள்ளதாகவே கருதுகிறேன். பற்றற்ற நிலை மிக உயர்ந்தது, ஆகையால் நம்மில் அநேகருக்கு எட்டாதது. ‘இந்தக் காசு யார் உழைப்பில் வந்தது?’ என்று ஒவ்வொரு காசையும் நிறுத்திக் கேட்பதோ, 18 வயதுப் பையனுக்கும் எட்டக்கூடியது. காந்தியின் சிக்கனத்தை அறத்தோடு சேர்த்தது வயிற்றை ஒடுக்கியது அன்று, இந்தக் கேள்விதான் என்பது என் துணிபு.

லோபியும் எண்ணுகிறான் அல்லவா? அவனும் காசு காசாக எழுதுகிறான், இரவில் கூட்டிப் பார்க்கிறான், மீதி குறைந்தால் தூக்கம் வராமல் புரளுகிறான். ஏட்டை மாத்திரம் பார்த்தால் இருவருக்கும் வித்தியாசம் தெரியாது. லோபியின் கணக்கு தனக்கு எவ்வளவு மிஞ்சிற்று என்பதோடு முடிந்துவிடுகிறது. மற்றவனுடைய கணக்கோ தன்னிடம் ஒப்படைத்தவருக்கு விடை சொல்லும் பொருட்டு எழுதப்படுகிறது. பிற்காலத்தில் லட்சக்கணக்கான பொதுப் பணம் தம் கை வழியே போனபோதும் கடன் படாமல் மீதி காட்ட முடிந்ததற்கு, லண்டனில் பழகிய அந்த இரவுக் கணக்கே காரணம் என்று காந்திஜி எழுதியது இதனால்தான் பொருந்துகிறது.

அந்த வாழ்க்கை வறண்டதாக இருந்ததா என்றால், இல்லை என்கிறார் அவர். அகமும் புறமும் ஒன்றுக்கொன்று இசைந்து ஆனந்தமாக இருந்ததாம். ஊரிலிருந்து வருவித்த மசாலைப் பொருள்களை நிறுத்திய பிறகு, உப்பும் காரமும் சேராது வேகவைத்த கீரையே ருசித்தது என்றும், சுவையின் இருப்பிடம் நாவன்று, மனமே என்றும் கண்டுகொண்டார். இதை நான் நம்புகிறேன். நேர்மையான கணக்குக்குப் பின் வருகிற நிம்மதி உணவிலும் இறங்கும்.

ஆயினும் என் மனத்தில் ஓர் ஆட்சேபம் எழுந்தது. நம்மவர்க்கு விருந்தோம்பல் இல்லறத்தின் உயிர்நிலை. குடும்பத்தோடு தங்குவதை விட்டுத் தனி அறை தேடியவர், பிறரோடு உண்ணும் கடமையிலிருந்தும் தப்பித்துக்கொண்டார் என்று சொல்லலாகாதா? இதற்கு விடை, அதே நூலில் நாராயண ஹேமசந்திரர் என்னும் குஜராத்தி எழுத்தாளரைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. உடையிலோ ஆங்கில இலக்கணத்திலோ சிறிதும் சிரத்தையில்லாத அந்த மனிதருக்குக் காந்தி ஆங்கிலம் கற்பித்து வந்தார். 17 ஷில்லிங்கில் காலம் கழித்த நாட்கள் அவை. காந்தி ஆங்கிலேய முறையில் காரட்டையும் பிற காய்களையும் கொண்டு சூப்பு வைப்பார். பருப்பில்லாமல் சாப்பிட முடியாத நண்பரோ, அவருடைய நாக்கின் கதியை எண்ணி இரங்குவார். ஒருநாள் எங்கேயோ தேடிப் பிடித்துப் பாசிப்பயறு வாங்கி, தாமே சமைத்து, காந்தியின் அறைக்கு எடுத்து வந்தார். காந்தி ஆசையோடு உண்டார். அதுமுதல், இவர் ஆக்கியது அவர் அறைக்கும் அவர் ஆக்கியது இவர் அறைக்கும் போய்வருவது வழக்கமாயிற்று. மரியாதைக்காக அளித்த விருந்துகள் நின்றனவே ஒழிய, விருந்தோம்பல் நிற்கவில்லை. இரண்டு பெரிய பாத்திரமும் பத்து விருந்தினரும் இருந்தால்தான் அந்த அறம் நடக்கும் என்று யார் விதித்தார்கள்?

இன்னும் ஓர் ஆட்சேபம் இருக்கிறது; இதற்கு அவ்வளவு எளிதில் விடை சொல்ல என்னால் இயலவில்லை. அந்த ஆண்டுகளில், 1889-இல், லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். காலையில் வாயிலில் கூட்டமாக நின்று, கங்காணி கைகாட்டியவர்கள் மட்டும் உள்ளே போய், சில மணி நேர வேலைக்குப் பிறகு அனுப்பப்படும் கூலிகள் அவர்கள். மணிக்கு 5 பென்ஸாக இருந்த கூலியை 6 பென்ஸாக ஆக்க வேண்டும் என்பது அவர்களுடைய பிரதான கோரிக்கை. காந்தியின் 17 ஷில்லிங்கைப் பென்ஸாக மாற்றினால் 204 ஆகிறது. பழைய கூலியில் அதைச் சம்பாதிக்க ஒரு தொழிலாளி ஏறக்குறைய 41 மணி நேரம் சுமை தூக்க வேண்டும். அத்தனை மணி நேர வேலை வாரந்தோறும் கிடைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. கிடைத்தாலும், ஒரு தனி மனிதர் சிக்கனமாக வாழ்ந்த அந்தத் தொகையில், அவன் மனைவியையும் மக்களையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த 81 வயதான கார்டினல் மானிங் இடையில் நின்று பேசியதும் சேர்ந்து, தொழிலாளர்களுக்கு அந்த 6 பென்ஸ் கிடைத்தது. அதற்குப் பின், பாசிப்பயறு சமைத்த நண்பரும் காந்தியும் அவருக்குத் தங்கள் நன்றியைத் தெரிவிக்க நேரில் சென்றார்கள். நண்பர் வழக்கமான பழைய உடுப்போடு, காந்தி மொழிபெயர்ப்பாளராக. ஒற்றை அறையில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சியவர், தம்மைப் போல் எளிமையாக வாழுங்கள் என்று அந்தத் தொழிலாளர்களுக்குப் புத்தி சொல்லப் போகவில்லை; கூலி உயர்வு பெற்றுத் தந்தவரைப் பாராட்டப் போனார் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். சிக்கனத்தின் தர்மத்தைப் பற்றி நான் மேலே சொன்னவை யாவும், தேவைக்கு ஒரு காசேனும் மேலாகக் கைக்கு வந்து, அதை எப்படிச் செலவிடுவது என்று தீர்மானிக்கும் சுயேச்சை உள்ளவனுக்கே பொருந்தும். பட்டணத்திற்கு மகனை அனுப்பிவிட்டு மாதந்தோறும் பணம் அனுப்புகிற வீட்டில், அந்த மகனிடம் அவற்றைச் சொல்லத் தயங்க மாட்டேன். அதே பட்டணத்தில் விடியற்காலையில் வேலைக்குக் காத்து நிற்கிறவனிடம் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அவனை வேலைக்கு அழைக்கிறவரிடம் கேட்க வேண்டியவைதாம் இருக்கின்றன.