காக்கியும் கேள்வியும்

ஞாயிற்றுக்கிழமை காலை. காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அழைப்பு மணி அடித்தது. எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடி நண்பர். வங்கி அதிகாரி. முகத்தில் ராத்திரி தூக்கமில்லாத களைப்பு.

“சார், நீங்க கொஞ்சம் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா.”

மகள் பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருஷம். மூன்று வருடமாகக் கல்லூரி என்.சி.சி.யில் இருக்கிறாள். ‘சி’ சர்டிபிகேட் பரீட்சையும் எழுதியாகிவிட்டது. இப்போது ராணுவ அதிகாரியாகப் போகிறேன் என்கிறாள்.

“பயமா இருக்கா?” என்று கேட்டேன்.

“சாவைப் பத்திக் கவலை இல்ல சார். ரோட்டைக் கிராஸ் பண்ணும்போதுகூட அது வரலாம். எனக்கு வேற கவலை. சின்ன வயசுலேர்ந்து எதுக்கெடுத்தாலும் ‘ஏன்’னு கேக்கற பொண்ணு. நான்தான் அப்படி வளர்த்தேன். இப்ப போயி, நில்லுன்னா நிக்கணும், சுடுன்னா சுடணும்ங்கற எடத்துக்குப் போறேங்கறா. காலேஜுக்கு அனுப்பினதே கேள்வி கேக்கக் கத்துக்கத்தானே?”

நியாயமான கேள்வி. உங்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நானும் கொஞ்ச காலம் என்.சி.சி.யில் இருந்தவன்தான். பரேடு முடிந்ததும் கிடைக்கும் பூரி கிழங்குக்காகப் போனேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. “சாவ்தான்!” என்றால் விறைத்து நிற்க வேண்டும். “பீச்சே முட்!” என்றால் பின்பக்கம் திரும்ப வேண்டும். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் சத்தம் வந்த நொடியில் உடம்பு தானாகத் திரும்பியது. அர்த்தம் தெரியாமலேயே கீழ்ப்படிவது எத்தனை சுலபம் என்று அந்த மைதானத்தில்தான் தெரிந்துகொண்டேன். தமிழ்நாட்டில் இந்த ஆணைச் சொற்களே அரசியல் பிரச்னையாகி, 1968 ஜனவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் இடம்பெற்றன. கட்டளை எந்த மொழியில் வரலாம் என்று கேட்ட ஊர் இது.

என்.சி.சி. 1948-ல் சட்டம் போட்டு ஆரம்பித்த அமைப்பு. சீனப் போருக்குப் பிறகு 1963-ல் கட்டாயமாக்கினார்கள். 1968-ல் மறுபடி விருப்பப் பாடமானது. இதில் சேர்ந்தவர் ராணுவத்துக்குப் போயே தீர வேண்டும் என்றில்லை. போக விரும்புகிறவர்களுக்கு ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது. ‘சி’ சர்டிபிகேட்டும் பட்டப்படிப்பில் 50 சதவீத மார்க்கும் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி. எனப்படும் ஐந்து நாள் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். அதில் தேறி, மருத்துவப் பரிசோதனையும் முடிந்து, தகுதிப் பட்டியலில் பெயர் வந்தால் நம்ம பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 49 வாரம். அங்கே 1992-லிருந்து பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள்.

அந்த ஐந்து நாள் தேர்வு வேடிக்கையானது. ஒரு மங்கலான படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். ஏழெட்டுப் பேரை உட்கார வைத்து விவாதிக்க விடுவார்கள். கொஞ்சம் கயிறும் பலகையும் கொடுத்து, தரையில் கால் படாமல் அந்தப் பக்கம் போங்கள் என்பார்கள். தலைவர் யார் என்று சொல்ல மாட்டார்கள். வெறுமனே ‘எஸ் சார்’ சொல்லும் ஆள் வேண்டுமென்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை, இல்லையா?

இதைச் சொன்னேன். நண்பர் மசியவில்லை. “செலக்ட் பண்றப்ப மூளை பாப்பாங்க சார். அப்புறம் அதைக் கழட்டி வெச்சிட்டு வரச் சொல்வாங்க.”

எனக்கு காலின் பவல் ஞாபகம் வந்தார்.

அமெரிக்காவில் கல்லூரிப் படிப்போடு அதிகாரிப் பயிற்சி தரும் ஏற்பாடு 1916-லிருந்தே சட்டமாக இருக்கிறது. ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகனான பவல், நியூயார்க் சிட்டி காலேஜில் நிலவியல் படித்தார். பாடத்தில் சுமார். பரேடில் சூரர். 1958-ல் பட்டத்தோடு செகண்ட் லெப்டினென்ட் பதவியும் வாங்கினார். 1989-ல் முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவரானார், அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் கறுப்பர். 2001-ல் வெளியுறவு அமைச்சர்.

2003 பிப்ரவரி 5-ம் தேதி, ஐ.நா. பாதுகாப்பு சபையில், இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று உலகத்துக்கு விளக்கினார். அதற்கு முந்தைய நாட்களில் உளவுத்துறைத் தலைமையகத்திலேயே உட்கார்ந்து, நம்ப முடியாத பகுதிகளை உரையிலிருந்து வெட்டியெறிந்தவர்தான் அவர். கேள்வி கேட்கத் தெரியாதவர் இல்லை. ஆனாலும் கடைசியில் போய்ப் பேசிவிட்டார். போர் வந்தது. ஆயுதங்கள் கிடைக்கவில்லை. 2005-ல், அந்தப் பேச்சு தன் வாழ்க்கையில் ஒரு கறை, அது எப்போதும் இருக்கும் என்று அவரே சொன்னார். 2021-ல் இறந்தபோது பல இரங்கல் குறிப்புகளில் அந்தக் கறையும் இருந்தது.

“பாத்தீங்களா, நான் சொன்னதுதானே!” என்றார் நண்பர்.

கொஞ்சம் பொறுங்கள். அன்றைக்கு ஐ.நா.வில் பவல் சீருடையில் இல்லை. ராணுவத்தை விட்டு ஒன்பது வருடத்துக்கு மேலாகியிருந்தது. கோட்டும் டையும் அணிந்த அமைச்சர். ‘முடியாது’ என்று ராஜினாமா கடிதம் கொடுத்திருந்தால் யாரும் அவரைச் சிறையில் அடைத்திருக்க முடியாது.

இன்னொருவர் கதை. 1968 மார்ச் 16, வியட்நாமின் மைலாய் கிராமம். அமெரிக்க வீரர்கள் பெண்களையும் குழந்தைகளையும் கிழவர்களையும் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வியட்நாம் கணக்குப்படி இறந்தவர்கள் 504 பேர். மேலே ஹெலிகாப்டரில் பறந்த ஹியூ தாம்ப்சனுக்கு வயது 24. கீழே நடப்பதைப் பார்த்தார். வீரர்களுக்கும் ஜனங்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். ‘நம்ம ஆட்கள் இவர்களைச் சுட்டால் நீங்கள் நம்ம ஆட்களைச் சுடுங்கள்’ என்று தன்னோடு வந்த இருவரிடம் சொல்லிவிட்டு, மிச்சமிருந்தவர்களை மீட்டு அனுப்பினார். ஊர் திரும்பியதும் துரோகி என்று ஏச்சு. பதக்கம் வந்தது 1998-ல், முப்பது வருடம் கழித்து.

அவர் சீருடையில்தான் இருந்தார்.

நண்பரிடம் அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், மேலதிகாரி ஒரு கடிதத்தில் பழைய தேதியைப் போட்டுக் கையெழுத்திடச் சொன்னார். ‘ஏன் சார்?’ என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போட்டேன். அந்தத் தேதியால் ஒரு தற்காலிகப் பணியாளரின் வேலை போயிற்று. அவருக்கு இரண்டு குழந்தைகள். என் தலையில் தொப்பியும் இல்லை, எதிரே துப்பாக்கியும் இல்லை. வெறும் இன்கிரிமென்ட்தான் இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் பதினெட்டு வருடமாக ஃபைலில் கையெழுத்துப் போடுகிறவர்.

சாயங்காலம் அந்தப் பெண்ணே வந்தாள். கையில் ஒரு நோட்டு.

“அப்பா சொன்னாரு அங்கிள். இதைப் பாருங்க. 1950 ராணுவச் சட்டம், 41-வது பிரிவு. மேலதிகாரி கட்டளையை மீறினா தண்டனை. ஆனா, எந்தக் கட்டளை? ‘சட்டப்படியான’ கட்டளைன்னு ஒரு வார்த்தை இருக்கு.”

“அது சட்டப்படியானதா இல்லையான்னு யாரும்மா முடிவு பண்றது? நட்ட நடு ராத்திரியில, வயர்லெஸ்ல உத்தரவு வருது. ‘ஏன் சார்?’னு விவாதம் பண்ண முடியுமா? நீ யோசிக்கிற நேரத்துல உன் கூட இருக்கறவன் செத்துப் போயிடுவான்.”

“பண்ண முடியாது அங்கிள். நூத்துல தொண்ணூத்தொம்பது தடவை யோசிக்காம செய்யணும். அந்த நூறாவது எதுன்னு அப்ப எனக்குத் தெரியுமா? அதுதான் எனக்கு பயமா இருக்கு.”

எல்லைக்குப் போக அவளுக்குப் பயம் இல்லை. இதற்குத்தான் பயம்.

அவளை அறிவுரை சொல்லித் தடுக்கத்தான் நண்பர் என்னைக் கேட்டார். நான் சொன்னது இவ்வளவுதான்: “இந்த பயத்தை மட்டும் பரங்கிமலையில தொலைச்சிடாதே.”

கல்லூரி அவளுக்கு வாசலில் துப்பறியும் கருவி எதையும் மாட்டி அனுப்பப் போவதில்லை. தாம்ப்சனுக்கு இருந்த துணிச்சலை எந்தப் பாடத்திட்டமும் தராது. பவலின் பட்டமும் பயிற்சியும் அவரை அந்த ஒரு நாளிலிருந்து காப்பாற்றவில்லை. ஆனால், இருபது வயதில், காலையில் பரேடும் பகலில் வகுப்புமாக ஓடும் ஒரு பெண், ‘கீழ்ப்படிவது’ என்பதைப் பற்றி உட்கார்ந்து யோசித்து, சட்டப் பிரிவைத் தேடி நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நானோ நீங்களோ அப்படி யோசித்தோமா?

இன்று ராத்திரி நண்பர் வந்து, பெங்களூர் ரயிலுக்கு எப்போது டிக்கெட் எடுக்கலாம் என்று கேட்டார். முகத்தில் இன்னும் கவலை இருந்தது. இருக்கட்டும்.

நாளை திங்கட்கிழமை. பத்து மணிக்கு உங்கள் மேசைக்கும் ஒரு ஃபைல் வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு முறை படித்துப் பாருங்கள்.