கண்ணாடிக்குக் கீழே இருப்பவர் யார்?

ஆதிச்சநல்லூர் மேட்டில் பார்வையாளர்களின் காலடியில் கண்ணாடித் தளம்; அதன் கீழே அகழாய்வுக் குழி; குழிக்குள் முதுமக்கள் தாழிகள். கண்டெடுத்த நிலையிலேயே காட்டுவதற்காக 2023இல் தொல்லியல் துறை திறந்த கூடம் இது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது.

1876இல் ஜெர்மானியர் ஜாகோர் இங்கே தோண்டியவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த பொற்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் எழும்பூர் அருங்காட்சியகம் சேர்ந்தன. 2004 அகழாய்வில் மட்டும் 160க்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. ஊரின் செல்வம் ஊரிலேயே இருக்கட்டும் என்பதில் மறுபேச்சில்லை. ஆனால் தாழிக்குள் இருந்தது பொருள் மட்டுமா? எலும்பும் இருந்ததே. இறந்தவரைக் காட்சிக்கு வைக்கலாமா?

வைக்கலாம் என்போர் முதலில் சொல்வது, கேட்பதற்கு வாரிசு இல்லை என்பதுதான். வடகிழக்கு இந்தியாவின் நாகர் பழங்குடியினருக்கு வாரிசு இருக்கிறது என்பார்கள். 2024 அக்டோபரில் இங்கிலாந்தில் நாகர் மண்டையோடு ஒன்று ஏலத்துக்கு வந்தபோது எதிர்ப்பு எழுந்தது, ஏலக்காரர்கள் பின்வாங்கினார்கள். ஆதிச்சநல்லூர்த் தாழிக்காரருக்காக அப்படி யார் வருவார்? ஆனால் இந்த வாதம் நம் வழக்கத்திடமே தோற்கிறது. அமாவாசையன்று ஆற்றங்கரையில் தர்ப்பணம் செய்பவர், தாய் தந்தை சுற்றம் என்று யாருமே இல்லாத ஆவிகளுக்கும் சேர்த்துத்தான் எள்ளும் நீரும் விடுகிறார். வாரிசில்லாதவருக்கும் கடன் உண்டு என்பதே அந்தச் சடங்கின் கணக்கு.

இரண்டாவது வாதம் வலுவானது: உடலின் முடிவைக் கண்ணால் பார்ப்பதே ஞானம். பிணத்தைப் பார்த்துத் தியானிப்பது பௌத்தத் துறவிகளின் பழைய பயிற்சி. ஆனால் அவர்கள் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போகவில்லை, செல்ஃபியும் எடுக்கவில்லை.

இறந்தவரின் விருப்பம் என்ற ஒன்றும் உண்டு. பேருருவ மனிதராக லண்டனில் பேர்பெற்ற அயர்லாந்துக்காரர் சார்ல்ஸ் பைர்ன், தன் உடலைக் கடலில் அடக்கம் செய்யச் சொல்லிவிட்டு 1783இல் இறந்தார். மருத்துவர் ஜான் ஹன்டர் உடலைக் கைப்பற்றி எலும்புக்கூடாக்கினார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் காட்சியில் நின்ற அதை 2023இல்தான் ஹன்டேரியன் அருங்காட்சியகம் கண்பார்வையிலிருந்து அகற்றியது. தாழிக்காரர்கள் வாய்விட்டு எதையும் சொல்லிவைக்கவில்லைதான். ஆனால் அவர்களை அடக்கியவர்கள் கலங்கள் வைத்து, நெல் வைத்து, இரும்பு ஆயுதங்களைக் கூர்முனை கீழாகச் சுற்றிலும் நிறுத்தி மூடினார்கள். புறநானூற்றிலும் ஒரு பெண், கணவனோடு தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி அகலமான தாழி வனையச் சொல்லிக் குயவனிடம் கேட்கிறாள். இதைவிடத் தெளிவாக விருப்பத்தை எப்படித் தெரிவிப்பது?

ஆகவே கலங்களும் ஆயுதங்களும் கண்ணாடிக்குள் இருக்கட்டும். ஊர்ப் பிள்ளைகள் பார்த்துப் பெருமைப்படட்டும். எலும்புகளை ஆய்வு முடிந்ததும் அதே மேட்டில் திரும்ப அடக்கம் செய்வதே முறை. 114 ஏக்கர் நிலம் அங்கே இருக்கிறது, இடத்துக்குப் பஞ்சமில்லை.