கண்ணீரும் கிணற்று நீரும்: சமூக நாடகங்களின் அறப்பயன் பற்றிய ஒரு நோக்கு

பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் இயங்கும் நாடக மன்றங்கள் ஆண்டுதோறும் மேடையேற்றும் நாடகங்களுட் பல சமூகப் பிரச்சினைகளையே பொருளாகக் கொள்கின்றன. சாதி, சீதனம், வறுமை, போர் விளைத்த இழப்பு, புலப்பெயர்வு ஆகியன மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகின்றன. தயாரிப்போர் சமூகத்துக்குத் தாம் ஆற்றவேண்டிய கடமையொன்றை ஆற்றிவிட்டதாக நிறைவு கொள்கின்றனர். பார்ப்போர் கண் கலங்கி வீடு திரும்புகின்றனர். அக்கண்ணீர் கடமையின் தொடக்கமா, அன்றிக் கடமை தீர்ந்தது என்பதற்கான பற்றுச்சீட்டா என்பதே இங்கு எழும் வினாவாகும்.

இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. யாழ்ப்பாணத்துத் தீவகத்தை நோக்குமிடத்து இதன் கூர்மை நன்கு புலனாகும். ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய இடங்களெல்லாம் சுண்ணக்கற்பாறை நிலங்கள். ஆறில்லை, குளங்களும் கோடையில் வற்றுவன. மாரி மழை நிலத்தினுள் இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத் தங்கும் நன்னீரே மக்களின் உயிர்நாடி. ஆதலின், நல்ல தண்ணீர்க் கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ளலாகாது என்ற கட்டுப்பாடு இங்கு வாழ்வையே கட்டுப்படுத்துவதாகும். 1971 இல் புங்குடுதீவிலே, கண்ணகை அம்மன் கோயிற் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்களும் நீர் அள்ளும் உரிமைக்காகப் போராடிய எழுத்தாளர் மு. தளையசிங்கம் காவற்றுறையினரின் தாக்குதலுக்கு உள்ளானார். 1935 இற் பிறந்த அவர், நாற்பது வயதை எட்டுமுன்னரே, 1973 இற் காலமானார்.

இத்தகைய கட்டுப்பாடுகளைக் காத்துநின்ற யாழ்ப்பாணச் சமூகம் நாடகமே அறியாத சமூகமன்று. மாரியம்மன் கோயில்களிலே காத்தவராயன் கூத்து விடிய விடிய ஆடப்பட்டது. ஆரியமாலை மேற்கொண்ட காதலுக்காகக் காத்தவராயன் கழுமரம் ஏறும் கட்டத்திலே களரியைச் சூழ்ந்திருந்தோர் கண்ணீர் வடித்தனர். கலைஞர் வி. வி. வைரமுத்து நடித்த அரிச்சந்திர மயான காண்டம் ஆயிரக்கணக்கான தடவைகள் மேடையேறியது. சுடலை காக்கும் அரிச்சந்திரனைக் கண்டு மனம் உருகாதோர் அரியர். ஆயினும், கூத்து முடிந்து பொழுது விடிந்ததும் கிணற்றடி வழமைகள் மாறவில்லை. கோயில் வாசலும் மாறவில்லை. சுடலையில் உண்மையாகவே தொழில் செய்தவன் இரவெல்லாம் சிந்தப்பட்ட கண்ணீரில் ஒரு துளிக்கும் உரியவனாகவில்லை.

இம்முரண்பாட்டை மேனாட்டுச் சிந்தனையாளரும் கண்டுள்ளனர். நாடகம் பார்ப்பவன் துயருற அழைக்கப்படுகிறானேயன்றி உதவ அழைக்கப்படுவதில்லை என்பது புனித அகுஸ்தீனாரின் குறை. 1758 இல் தலம்பேருக்கு எழுதிய மடலிலே ரூசோ இதனை மேலும் வன்மையாகக் கூறினார். கற்பனைத் துயருக்கு அழுவதன் மூலம், தன்னிடமிருந்து எதனையும் இழக்காமலே மனிதநேயத்தின் கடனைத் தீர்த்துவிட்டதாக மனிதன் மகிழ்கிறான் என்பது அவர் வாதம். இதற்கு மாறாக, இரக்கமும் அச்சமும் எழுப்பப்பட்டு உள்ளம் தெளிவடைவதையே துன்பியல் நாடகத்தின் பயனாக அரிஸ்டோட்டில் கொண்டார். தெளிந்த உள்ளம் ஒருவனுக்கு நன்மையே. ஆனால் அத்தெளிவு அநீதி இழைத்தவனுக்கும் எளிதாகக் கிட்டுமாயின் அது அறத்தின் பாற்படுமா என்பது சிந்திக்கற்பாலது.

தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடுகள் எட்டனுள் அழுகையும் உண்டு, வெகுளியும் உண்டு. இழிவு, இழவு, தளர்ச்சி, வறுமை என்பவற்றால் அழுகை பிறக்கும். உறுப்பறுத்தல், குடியைக் கெடுத்தல், அடித்து வருத்தல், கொலை என்பவற்றால் வெகுளி பிறக்கும். அழுகைக்குரிய நிலைக்களன்கள் ஒருவனுக்கு நேர்ந்தவற்றைச் சுட்டுவன. வெகுளிக்குரியனவோ ஒருவன் மற்றொருவனுக்குச் செய்தவற்றைச் சுட்டுவன. இவ்வேறுபாடு நம் வினாவுக்கு ஒளி தருகின்றது. செயலை விளைவாக மட்டும் காட்டி, செய்தவனை மறைத்துவிடும் நாடகம் அழுகையுடன் நின்றுவிடும். வறுமையைக் காட்டி, வறுமைப்படுத்தியோரைக் காட்டாத நாடகம் யாரையும் சங்கடப்படுத்தாது.

அரிச்சந்திரன் கதையிலும் காத்தவராயன் கதையிலும் பிறிதொரு நுட்பமும் உண்டு. அரிச்சந்திரன் மன்னன், காத்தவராயன் அம்மனின் மகன். இருக்கத்தகாத இடத்தில் உயர்ந்தோன் இருக்க நேர்ந்ததே பார்ப்போரை வருத்துகின்றது. சுடலைக் காவல் என்னும் இழிவு மன்னனுக்கு ஏற்றதன்று என்ற எண்ணத்திலே, அது வேறு எவனுக்கோ ஏற்றது என்ற எண்ணமும் அடங்கியுள்ளது. இவ்வாறு, இரக்கமே ஏற்றத்தாழ்வை உறுதிசெய்யும் விந்தை நிகழ்கின்றது. மறைந்துள்ள பெருமையொன்று வெளிப்பட்டாலன்றி ஒருவனுக்காக அழ மறுக்கும் மனம், மனிதனுக்காக அழவில்லை, பதவிக்காகவே அழுகின்றது.

ஈழத்துப் பல்கலைக்கழக அரங்கு இச்சிக்கலை வேறுவேறு வழிகளில் எதிர்கொண்டுள்ளது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 'உடையார் மிடுக்கு' முதலிய நாடகங்களிலே யாழ்ப்பாணப் பேச்சுவழக்கைக் கையாண்டு போலிப் பெருமையை நகைப்புக்குரியதாக்கினார். அறுபதுகளிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றைத் தயாரித்துக் கூத்து மரபுக்குப் புத்துயிர் அளித்தார். அம்மரபிற் பயின்ற சி. மௌனகுரு அக்கூத்து வடிவத்தையே கொண்டு 'சங்கார'த்திற் சமூக ஒடுக்குமுறையைப் பேசினார். மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டக் காலத்தை ஒட்டி எழுந்த, என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' காத்தான் கூத்துப் பாணியிலே ஆடப்பட்டது. எந்த மெட்டுகளுக்கு ஊர் அழுது பழகியதோ, அதே மெட்டுகள் கோயிற் கதவு ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டன. இம்முறை பார்ப்போருக்கு அழுவோரின் இருக்கை மட்டும் ஒதுக்கப்படவில்லை. கதவை மூடியோரின் இருக்கையும் அவர்கள் நடுவிலேயே இருந்தது.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். பார்ப்போரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் நாடகம் கலையன்று, பிரசாரம். அது ஏற்கெனவே உடன்பட்டோரை மகிழ்விக்கும், உடன்படாதோரை விரட்டிவிடும் என்பர். இம்மறுப்பு முற்றாகத் தள்ளத்தக்கதன்று. தீயோன் முகத்திற் கரிபூசி மேடையேற்றினால், அவன் வேறு யாரோ என்று ஒவ்வொருவரும் ஆறுதல் கொள்வர். உடையாரைப் பார்த்துச் சிரித்த உடையார்களும் இருந்திருக்கக் கூடும். பார்ப்போர் உணர்ச்சியில் மூழ்காது விலகிநின்று தீர்ப்பளிக்க வேண்டுமென்று பிறெக்ட் கருதியதும், பார்ப்போனே மேடையேறிக் கதையை மாற்ற வேண்டுமென்று பிறேசில் நாட்டவரான ஒகஸ்தோ போவால் வற்புறுத்தியதும் இதனாலேயே. எனவே, தேவையானது வசைபாடும் நாடகமன்று. நல்லவன் எனத் தன்னை எண்ணும் ஒருவன், ஒரு வழமையை எவ்வாறு நாள்தோறும் காத்துநிற்கிறான் என்பதைப் பொறுமையோடு காட்டும் நாடகமே தேவையாகும்.

1985 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலாசாரக் குழு, குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் ஊர்தோறும் எடுத்துச் சென்றது. அதே ஆண்டு மே 15 ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கிப் புறப்பட்ட குமுதினிப் படகிலே பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். மேடையிற் காட்டப்பட்ட துயரும் பார்ப்போரின் துயரும் ஒன்றாகிய காலம் அது. அங்கு சிந்தப்பட்ட கண்ணீரை ரூசோவின் அளவுகோலால் அளத்தல் நேர்மையாகாது. தன் வீட்டு இழவுக்கு அழுபவன் கடனிலிருந்து தப்புபவன் அல்லன். ஆயின் அக்காலம் பிறிதொரு பொறுப்பையும் விட்டுச் சென்றது. ஒரு சமூகம் முழுவதும் பாதிக்கப்படும்போது, அச்சமூகத்தினுள்ளே முன்னரே பாதிக்கப்பட்டிருந்தோரை மறப்பது எளிது. வெளியார் இழைத்த கொடுமை உண்மையானது என்பதனால், கிணற்றடியில் நாம் இழைத்த கொடுமை பொய்யாகிவிடாது. தன்னை இரங்கத்தக்கவனாக மட்டும் மேடையிற் காணப் பழகிய சமூகம், தன்னைப் பொறுப்பாளியாகக் காணும் பழக்கத்தை இழந்துவிடலாம்.

சண்முகலிங்கத்தின் 'எந்தையும் தாயும்' இன்னுமொரு நிலையைக் காட்டுகின்றது. பிள்ளைகள் கடல் கடந்து செல்ல, ஊரிலே தனித்துவிடப்பட்ட முதியோரின் கதை அது. பூட்டிய வீடுகள் நிறைந்த தீவகத்துக்கு இக்கதை புதியதன்று. இங்கு கொடியோன் என்று எவரையும் சுட்ட இயலாது. சென்றவர்களுள் பலர் உயிரைக் காக்கவே சென்றனர். குற்றம் இல்லாத இடத்திலும் கடமை உண்டு என்பதை உணர்த்துவதே இத்தகைய நாடகத்தின் அறப்பயனாகும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், மாணவர் நாடக மன்றங்கள் தம்மைத் தாமே கேட்கவேண்டிய வினாக்கள் சில தெளிவாகும். யாருடைய துயர் காட்டப்படுகிறதோ அவர்கள் அரங்கில் எங்கே அமர்ந்துள்ளனர்? தம்மைப் பற்றிச் சொல்லப்படுவதைத் திருத்தும் உரிமை அவர்களுக்கு உண்டா? பரிசும் பாராட்டும் மன்றத்துக்கு வந்துசேர, அவர்களுக்கு வந்துசேர்வது யாது? வளாக மண்டபத்தில் ஓரிரவு ஏழையாக நடித்தவன் மறுநாள் ஒப்பனையைக் கலைத்துவிடலாம். நடிக்கப்பட்டவனுக்கு அவ்வசதி இல்லை.

இதனால் நாடகமே வேண்டாவென்பது முடிபாகாது. எந்த நாடகமும் ஒரு குடம் தண்ணீரை அள்ளிக் கொடுக்கவில்லை என்பது உண்மை. ஆயினும், 'எனக்குத் தெரியாது' என்னும் சாட்டு நாடகம் பார்த்தவனுக்கு இல்லாமற் போகின்றது. கண்ட பின்னர் அவன் சாட்சியாகிறான். சாட்சி சொல்ல வேண்டிய இடம் அரங்கமன்று; கிணற்றடி, கோயில் வீதி, திருமணப் பேச்சு நடைபெறும் வீட்டு விறாந்தை ஆகியனவே. தளையசிங்கம் எழுத்தோடு நில்லாது கிணற்றடிக்கும் சென்றார். எல்லாரும் அவ்வாறு செல்லும் துணிவுடையரல்லர். எனினும், அழுத கண்ணைத் துடைத்துக்கொண்ட பின்னர் தாம் எந்தக் கிணற்றடியில் வாளாவிருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்வாராயின், அந்நாடகம் வீணாயிற்று என எவரும் கூறார்.