மழை நனைத்த தானியமும் காரீயம் கலந்த பாத்திரமும்



கும்பகோணம் பித்தளைக்கும் செம்புக்கும் பேர்போன ஊர். பள்ளிவாசல் தேக்சாவானாலும் நிக்காஹ் வீட்டு அண்டாவானாலும், உள்ளே ஈயம் பூசாமல் புளிப்பை ஊற்றினால் களிம்பு இறங்கும் என்பது நம் பாட்டிமார்களுக்கே தெரியும். அந்த ஈயம் எந்த ஈயம் என்பதில்தான் சிக்கல்.

தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. பூசத் தக்கது வெள்ளீயம். காரீயமோ நஞ்சு; ஆனால் விலை மலிவு. இரண்டையும் உருக்கிக் கலந்து பூசிவிட்டால் பளபளப்பை வைத்துப் பிரித்தறிய முடியாது. செம்பாவது உடம்புக்குச் சிறிதளவு தேவை. காரீயத்தால் உடம்புக்கு ஒரு பயனும் இல்லை. குடிநீரில் அதற்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்த வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நாலைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதிக்கப்படுவது பிள்ளையின் மூளை.

பாத்திரத்தோடு இது முடியவில்லை. பித்தளைக் குழாய்களிலும் காரீயம் இருக்கலாம். பி.வி.சி. குழாய்களில் சேர்க்கப்படும் காரீயத்தைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021-ல்தான் விதி கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014-ல் குடிநீருக்கான ஆற்றை மாற்றினார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டதால் பழைய குழாய்களின் காரீயம் வீட்டுத் தண்ணீரில் கரைந்தது. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஓராண்டுக்கு மேலாக அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது ஈரம் தட்டுப்பட்ட சம்பவம் நீங்கள் அறிந்ததுதான். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் நபியவர்கள். மழை அவர் குற்றமல்ல. ஈரத்தை அடியில் மறைத்ததுதான் குற்றம்.

இப்போது நம்மைப் பாருங்கள். காரீயம் கலந்து பூசுபவர் ஏமாற்றுகிறார், சரி. கூலியை அடிமட்டத்துக்குப் பேரம் பேசி அவரை அங்கே தள்ளியவர் யார்? (அந்தப் புகையை முதலில் சுவாசிப்பதும் அவர்தான்.) எந்த ஈயம் என்று கேட்காமலே வாங்கி விற்கும் கடைக்காரர்? மையித்தின் பேரால் பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்துவிட்டு, அதில் வரும் தண்ணீரை ஒருமுறைகூடச் சோதிக்காதவர்? தாயாருக்காகக் கிணறு வெட்டிய ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்களின் நன்மையைத்தான் அவரும் நாடுகிறார். 'எனக்குத் தெரியாது' என்ற பதில் நம் பாட்டிக்குப் பொருந்தும். கேட்டுத் தெரிந்துகொள்ள வசதியிருந்தும் கேட்காத நமக்கு அது பொருந்துமா? பொருந்தாது என்றே நான் நினைக்கிறேன். அறியாமை வேறு, அறிய விரும்பாமை வேறு.

கொதிக்க வைத்தால் காரீயம் போகாது. இரவெல்லாம் குழாயில் தேங்கிய தண்ணீரைக் காலையில் சற்று ஓடவிட்டுப் பிடியுங்கள். முதல் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் கலக்காதீர்கள். ரமளானுக்கு முன் ஜமாஅத்தார் வெள்ளீயத்தைத் தாங்களே வாங்கிக் கொடுத்து, கண்ணெதிரே பூசச் சொல்லி, கேட்ட கூலியைக் கொடுக்கட்டும். பள்ளித் தண்ணீரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்போது காரீயத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி, வரும் முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும்.