‘சஃபர்’: சுமப்பதா, விடுவதா?



‘பாவம், ரொம்ப சஃபர் பண்ணுகிறார்’ என்று நோயாளியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். துன்பப்படுதல் என்பதே இந்த ஆங்கிலச் சொல்லின் அர்த்தம் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் 1582-ல் ரேம்ஸ் நகரில் கத்தோலிக்கர் வெளியிட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாட்டிலும், 1611-ல் ஜேம்ஸ் அரசர் காலத்தில் வெளிவந்த வேதாகமத்திலும், சேசுநாதர் சிறு குழந்தைகளைக் குறித்துச் சீஷர்களிடம் பேசுமிடத்தில் இதே சொல் வருகிறது. குழந்தைகள் துன்பப்படட்டும் என்றா ஆண்டவர் திருவுளம்பற்றினார்?

இல்லை. லத்தீனில் ‘சுப்’ என்றால் கீழே. ‘ஃபெரே’ என்றால் சுமத்தல். இரண்டும் கூடிய சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பாரத்தின் கீழே தோள் கொடுத்து நிற்பது அதன் மூலக்கருத்து. அதிலிருந்து பொறுத்தல் என்றும், பொறுத்துக்கொண்டு தடுக்காமல் விடுதல் என்றும் அர்த்தம் விரிந்தது. குழந்தைகளை வரவிடுங்கள் என்பதே அங்கே கருத்து. இக்காலத்தாருக்கு அது விளங்காததால், 1946-ல் வெளிவந்த திருத்திய பதிப்பில் ‘லெட்’ என்ற எளிய சொல்லை வைத்தார்கள். (‘லெட்’ என்பதற்கும் ஒரு காலத்தில் தடுத்தல் என்ற அர்த்தம் இருந்தது, அது வேறு கதை.) விளங்கியது சரிதான். ஆயினும், பழைய சொல்லில் விடுகிறவனே சுமக்கவும் வேண்டும் என்ற ஒரு நினைவு இருந்தது. பூசை நேரத்தில் பிள்ளை அழுதால் அந்தச் சத்தத்தை நாம்தான் தாங்கவேண்டும். ‘லெட்’ சொல்வதற்கோ ஒரு காசும் செலவில்லை.

இன்னொரு வழக்கு. ஆங்கிலத்தில் ஒரு பெரிய மனிதரை மெச்சும்போது, மூடரை அவர் ‘சஃபர்’ பண்ணமாட்டார் என்பார்கள். முன்கோபம் புண்ணியமாகிவிட்டது! இந்த வழக்கு அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய 2-ம் நிருபம் 11-ம் அதிகாரத்திலிருந்து பிறந்தது. புத்திசாலிகளாகிய நீங்கள் மூடரைச் சந்தோஷமாய்ப் பொறுக்கிறீர்களே என்று அவர் அங்கே பரிகாசம் பண்ணுகிறார். அத்தோடு நிற்கவில்லை. உங்களை அடிமையாக்குகிறவனையும், முகத்தில் அறைகிறவனையும்கூடப் பொறுக்கிறீர்களே என்று அடுத்த வசனத்தில் கடிந்துகொள்கிறார்.

குருமடத்தில் இந்த வசனத்தை எத்தனையோ முறை வாசித்தேன். மனதில் தைக்கவில்லை. பல வருஷங்களுக்கு முன், வேறொரு பங்கில், ஒரு தாய் கோயில் பங்களாத் திண்ணைக்கு வந்து நின்றாள். பாவசங்கீர்த்தனத்துக்கு அல்ல, எல்லாரும் பார்க்கத்தான் வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. புருஷன் குடிகாரன். ‘பொறுத்துப் போ, அம்மா. ஆண்டவரும் பாடுபட்டாரே’ என்று சொல்லி, ஒரு செபமாலையைக் கையில் கொடுத்து அனுப்பினேன். நல்ல புத்தி சொன்னதாகவே அன்று எண்ணினேன்.

விட்டவன் நான், சுமந்தவள் அவள். ஒரே சொல்லுக்குள் இருந்த இரண்டு காரியத்தையும் இரண்டு ஆளுக்குப் பங்கிட்டு, இலேசானதை நான் எடுத்துக்கொண்டேன். போஞ்சு பிலாத்தின் அதிகாரத்தில் ஆண்டவர் பாடுபட்டதாக நாம் விசுவாச மந்திரத்தில் சொல்லும் இடத்திலும் ஆங்கிலத்தில் ‘சஃபர்’ தான். ஆனால் அவர் தம்முடைய தோளைக் கொடுத்தார். பிறர் தோளை அல்ல.

‘அப்படியானால் பொறுமை வேண்டாமா, சாமி?’ என்பீர்கள். வேண்டும். மாமியாரின் பழங்கதை, அண்டை வீட்டுச் சத்தம், பங்குச் சாமியாரின் நீண்ட பிரசங்கம், எல்லாவற்றுக்கும் வேண்டும். ஆனால் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் 13-ம் நூற்றாண்டிலேயே இதைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். நல்லோர் தமக்குச் செய்த அநியாயத்தைப் பொறுப்பார்கள். சர்வேசுரனுக்கும் அயலானுக்கும் செய்த அநியாயத்தைப் பொறுக்கமாட்டார்கள் என்பது அவருடைய போதனை. அந்தத் தாயின் கன்னத்தில் விழுந்த அறையைப் பொறுக்க எனக்கு என்ன உரிமை?

அவள் மறுபடி வரவில்லை. எனக்கும் மாற்றல் வந்துவிட்டது. இப்பொழுது யாராவது அப்படி வந்தால், உட்காரச் சொல்லி முழுவதும் கேட்கிறேன். அடிக்கிறவன் அவளை வீட்டைவிட்டுத் துரத்த முடியாதபடி 2005-ம் வருஷத்துச் சட்டம் இருப்பதைச் சொல்கிறேன். அவள் சம்மதித்தால் அன்று மாலையே, பங்கில் பெரியவர் இருவரைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறேன். செபமாலையும் கொடுக்கிறேன்.