பெரியவர் இன்னும் எத்தனை வருஷம் வறுக்க வேண்டும்?

சுற்றுலா போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. கோயில், கோட்டை, மலை என்று பட்டியல் போட்டுக்கொண்டு, நடுவில் பசித்தால் சாப்பிடுகிறவர்கள் முதல் ரகம். சாப்பாட்டுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டு, தின்றது செரிக்கட்டுமே என்று கோயிலையும் கோட்டையையும் சுற்றி வருகிறவர்கள் இரண்டாவது ரகம்.

இரண்டாவது ரகத்துக்கு ஆசியாவில் நாலைந்து சொர்க்கங்கள் உண்டு. மலேசியாவில், பினாங்குத் தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுன் அதில் ஒன்று. 2023 டிசம்பரில் மலேசியா நமக்கு விசா விலக்குக் கொடுத்தது. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து நேரடி விமானமும் வந்தது. அதற்கப்புறம் நம்மாட்கள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

பட்டியல் எப்படி இருக்கும்? காலையில் ஒரே தெருவில் செயின்ட் ஜார்ஜ் சர்ச், சீனர்களின் கருணை தேவி கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், பக்கத்துத் தெருவில் மகா மாரியம்மன். பத்து நிமிஷ நடையில் நாலு சாமி. மத்தியானம் நாசி கண்டார். வெயிலுக்கு செண்டோல். சாயங்காலம் ரயிலில் பினாங்கு மலை. ராத்திரி, எல்லாரும் காத்திருக்கும் சார் கொய் தியாவ். பட்டையான அரிசி நூடுல்ஸ், இறால், சிப்பிக் கறி, முளைப்பயறு, முட்டை எல்லாவற்றையும் கொதிக்கிற இரும்புச் சட்டியில் போட்டு, ஒவ்வொரு தட்டாக வறுத்துக் கொடுப்பது. (சைவர்கள் கவனிக்க: பழைய முறைப்படி செய்தால் பன்றிக் கொழுப்பும் உண்டு!)

இதுவரை வம்பில்லை. பட்டியலின் ஓரத்தில் சின்ன எழுத்தில் சில குறிப்புகள் இருக்கும் பாருங்கள், அங்கேதான் வம்பு.

‘கரி அடுப்பில் செய்கிற கடைக்கு மட்டும் போகவும். காஸ் அடுப்பு என்றால் திரும்பிவிடவும்.’

‘எழுபது வயசுப் பெரியவர் தானே நின்று வறுக்கிறார். அவர் கடையை மூடுவதற்குள் போய்விடவும்.’

‘பையன் நின்றால் சாப்பிட வேண்டாம். அப்பா கைப்பக்குவம் அவனுக்கு இல்லை.’

படிக்கும்போது ருசி தெரிந்தவர் எழுதியது என்றுதான் தோன்றும். மறுபடி ஒரு தரம் மெதுவாகப் படியுங்கள். நாம் என்ன கேட்கிறோம்? பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், ராத்திரியிலும் வேர்க்கிற ஊரில், எழுபது வயசு மனிதர் கரி நெருப்பின் முன்னால் நிற்க வேண்டும். காஸுக்கு மாறக் கூடாது. மகனிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு உட்காரவும் கூடாது. ஏன்? நமக்கு மூன்று நாள் லீவு. அதில் ஒரு வேளை ‘ஒரிஜினல்’ வேண்டும்!

இப்படி ஆசைப்படுவது நியாயமா?

பி.காம். படித்தவனுக்கு எதையும் கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஒரு பாடம் உண்டு. சொந்தக் கட்டடத்தில் கடை வைத்தால் வாடகை கிடையாது. ஆனாலும், கொடுப்பதாக நினைத்து ஒரு வாடகையை எழுதிப் பார் என்பார்கள். முதலாளி தானே வேலை செய்தால் அவருக்கும் ஒரு சம்பளம் எழுதிப் பார். அப்போதுதான் வந்தது லாபமா, பிரமையா என்று தெரியும்.

அந்தப் பெரியவரின் தட்டுக்கு இந்தக் கணக்கைப் போடுவோம். நூடுல்ஸ், இறால், முட்டை, கரி, காபிக் கடைக்காரருக்குக் கொடுக்கிற இட வாடகை... இதெல்லாம் கணக்கில் வரும். விடிவதற்கு முன்னால் மார்க்கெட்டுக்குப் போனது வராது. மனைவி உட்கார்ந்து இறால் உரித்தது வராது. ஒரே சட்டியை முப்பது வருஷம் வீசி வீசித் தேய்ந்த தோள்பட்டை வரவே வராது. இதற்கெல்லாம் நியாயமான கூலி எழுதினால், சில ரிங்கிட்டுக்கு அந்தத் தட்டு நம் கைக்கு வந்திருக்காது.

‘ஆஹா, எவ்வளவு மலிவு!’ என்கிறோமே, அந்த மலிவை நமக்குக் கொடுத்தது யார்? மலேசிய அரசாங்கம் அல்ல. அந்தக் குடும்பம்தான், தன் உழைப்புக்குக் கூலி எழுதிக்கொள்ளாமல் நமக்குக் கொடுத்த மானியம் அது.

சரி, இந்த மானியத்தை எதற்காகக் கொடுக்கிறார்கள்? நம்மை மகிழ்விக்கவா? இல்லை. பிள்ளைகள் படிக்க. தெருவோரம் கடை போட்ட எந்த ஊர் அப்பாவைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: ‘இந்த வேலை என்னோடு போகட்டும் சார்.’ பெண் ஆடிட்டர் ஆகிறாள். பையன் கோலாலம்பூரில் ஏ.சி. அறையில் உட்காருகிறான். அந்த வீட்டில் அது திருவிழா. நமக்கோ ஒப்பாரி. ‘ஐயோ, இந்தத் தலைமுறையோடு அந்த ருசி போச்சே!’

அவர் ஜெயித்ததை நாம் நஷ்டக் கணக்கில் எழுதுகிறோம். நம் பிள்ளையை அந்தச் சட்டி முன்னால் நிறுத்துவோமா என்று கேட்டால் பதில் சொல்ல நேரமாகாது.

இதற்கு எதிர்க்கட்சி வாதமும் உண்டு. அதுவும் லேசான வாதம் இல்லை. ஒரு ஊரின் ருசி என்பது ஒருத்தர் சொத்தா? மொழி மாதிரி, இசை மாதிரி அதுவும் பலருடைய பொதுச் சொத்து. சிங்கப்பூரின் ஹாக்கர் கடைப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020-ல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. மலேசியாவின் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் காலை உணவுப் பழக்கத்தை 2024-ல் சேர்த்தது. சும்மாவா சேர்த்தார்கள்? அழிகிறதே என்று வருத்தப்படுவது தப்பா?

வருத்தப்படலாம். தப்பே இல்லை. ஆனால் வருத்தம் வேறு, உரிமை வேறு. பக்கத்து வீட்டு மாமரத்தை வெட்டினால் எனக்கு வருத்தம்தான். அதற்காக, ‘நீ வீட்டை விரிவாக்காதே, எனக்கு நிழல் வேண்டும்’ என்று சொல்ல முடியுமா?

இன்னொரு விஷயம். இந்த ‘ஒரிஜினல்’ எங்கிருந்து வந்தது? பினாங்கு அரசு 2016 முதல் ஒரு விதி கொண்டுவந்தது. ஊரின் பெயர் சொல்லும் சில தெருவோர உணவுகளை வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சமைக்கக் கூடாது, உள்ளூர்க்காரர்தான் சமைக்க வேண்டும். ருசியைக் காப்பாற்ற வேண்டுமே என்ற கவலை. புரிகிறது. ஆனால் சரித்திரம் கொஞ்சம் சிரிக்கிறது. சார் கொய் தியாவ், தென் சீனத்திலிருந்து பிழைக்க வந்தவர்களின் பண்டம். நாசி கண்டார், நம் தமிழ் முஸ்லிம்கள் கப்பலேறிப் போய் விற்றது. தோளில் ஒரு கம்பு, ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்பு. துறைமுகக் கூலிகளுக்குத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் ஊற்றினார்கள். தோளில் கிடந்த அந்தக் கம்புக்குப் பெயர்தான் ‘கண்டார்’. அன்றைக்கு ‘வெளியூர்க்காரன் சமைக்கக் கூடாது’ என்று யாராவது விதி போட்டிருந்தால், இன்றைக்குக் காப்பாற்ற என்ன இருந்திருக்கும்?

சொந்தப் பிள்ளை செய்ய மாட்டான். வெளியாள் செய்யக் கூடாது. அப்படியானால் மிச்சம் இருப்பது யார்? எழுபது வயசுப் பெரியவர் மட்டும்தான்!

சாப்பாட்டில் மட்டுமா? பார்க்கப் போகிற கட்டடங்களிலும் இதே கதைதான். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அது 1997-ல் ரத்தாகி, 2000 ஜனவரி முதல் கட்டுப்பாடு போனது. வாடகை ஏற, தலைமுறையாகக் குடியிருந்த பலர் வெளியேறினார்கள். 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரம் என்றது. கட்டடம் பிழைத்தது, நல்ல விஷயம். ஆனால் அதற்கு உயிர் கொடுத்த தையற்காரரும் கூடை முடைகிறவரும் பலர் அங்கே இல்லை. கடலுக்கு மேல் கட்டைகள் நட்டுக் கட்டிய சீனக் குலத்தாரின் படகுத்துறை வீடுகளில் இன்னும் ஜனங்கள் இருக்கிறார்கள். அங்கே நம் ஆட்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வாசற்படி வரை போய்விடுகிறார்கள். உள்ளே ஒரு பாட்டி டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார். நமக்கு அது ‘காட்சி’. அவருக்கு அது வீடு.

‘அப்போ போகவே வேண்டாமா?’ என்று கேட்காதீர்கள். தாராளமாகப் போங்கள். நீங்கள் போகாமல் விட்டால் பெரியவருக்கு ஓய்வு கிடைக்காது, வியாபாரம்தான் படுக்கும். ‘பாவம்’ என்று பார்க்கவும் வேண்டாம். அந்தத் தொழிலில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. இரக்கப்பட்டால் அது அவமானம்.

போகும்போது பட்டியலின் ஓரக் குறிப்புகளை மட்டும் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். சொன்ன விலையைக் கொடுங்கள். பக்கத்தில் குளுகுளு கடையில் காபிக்குப் பேரம் பேசாத வாய், இங்கே மட்டும் ஏன் பேச வேண்டும்? போன வருஷத்தைவிட விலை கூடியிருந்தால், இத்தனை நாள் விட்டுப்போன கூலியில் கொஞ்சத்தை எழுதிக்கொண்டார் என்று நினையுங்கள். காபிக் கடை மேஜையில் உட்கார்ந்தால் ஒரு டீயோ ஜூஸோ சொல்லுங்கள். தட்டு அவருடையது, மேஜை கடைக்காரருடையது. போட்டோவா? கேட்டுவிட்டு எடுங்கள். காஸ் அடுப்பு இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். அவர் கண்ணுக்கு அந்தப் புகை போதும். மகன் நிற்கிறானா? உட்கார்ந்து சாப்பிடுங்கள். அப்பாவும் முதல் வருஷம் கருக்கித்தான் இருப்பார்.

இத்தனையும் செய்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்துத் தேடிப் போய் நிற்கிறீர்கள். கடை பூட்டியிருக்கிறது. ‘பேத்தி பட்டமளிப்பு விழா. இன்று லீவு’ என்று ஒரு அட்டை தொங்குகிறது.

மனசாரச் சந்தோஷப்பட முடிகிறதா பாருங்கள். முடிந்தால், பக்கத்துக் கடையில் எதைச் சாப்பிட்டாலும் ருசிக்கும்.